விளிம்புத் திருத்தம்

பரந்தன் வார்ப்புப் பட்டறையிலிருந்து யோகறூபன்
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான் அந்த வடியை.
"கவனம் மிஸ், சுடும்" என்றான்.
சுடவில்லை. அரைமணி நேரம்
ஏ ஒன்பது வீதியில் கரியரில் வந்த உலோகம்
ஏன் சுடும்.

வடி என்றால் பீங்கான் நுரை.
உள்ளங்கையளவு, பாணின் உட்பக்கம் மாதிரி
ஓட்டை ஓட்டையாய்.
அதற்கூடாக ஊற்றியது
இரண்டு லாண்ட்மாஸ்டர் பிஸ்டன், சைக்கிள் றிம்,
பிடி கழன்ற குக்கர் மூடி,
என்னவென்று கேளாமல் நிறுத்து வாங்கிய மிச்சம்.

நடுவால் அறுத்தேன். ஒரு பாதி லாச்சிக்குள்.
மற்றதை உரைதாளில் தேய்த்தேன்
நாநூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு,
பிறகு வைரப் பசை.
கரண்ட் போய் வந்தது. திரும்பவும் தேய்த்தேன்.
முகம் தெரிந்தது, அது தேவையில்லை.

நுணுக்குக்காட்டியில் கறுப்புப் புள்ளிகள்:
ஒட்சைட்டுத் தூள், முந்நூற்றுப் பதினேழு.
ஒவ்வொன்றுக்கும் கிட்டிய அயலைத் தேடி
இடைத்தூரம் எழுதினேன்.
எழுமாறாய் விழுந்திருந்தால்
வளையி இந்தக் கோட்டோடு போகவேண்டும்.
போகவில்லை. மேலே எழும்பி நிற்கிறது.
பிடிபட்ட இடத்தில்
கும்பல் கும்பலாய்த்தான் நின்றிருக்கின்றன.

"ஓட்டை இவ்வளவு பெரிசு,
தூள் அதில நூறில ஒண்டு.
தாராளமாப் போயிருக்கலாமே மிஸ்?"
போயிருக்கலாம், வழி நேராய் இருந்திருந்தால்.
பிடிப்பது துளையின் அளவில்லை, வளைவு.
திரும்பித் திரும்பிப் போகையில்
எங்கேயோ ஒருக்கால் சுவரில் முட்டும்.
முட்டியது அங்கேயே நிற்கும்.
கொஞ்சநேரம் கதைக்காமல் நின்றான்.
"ஓமந்தை மாதிரி" என்றான்.
நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

படத்துக்குச் சட்டம் உண்டு.
ஓரத்தில் நிற்கும் புள்ளியின் கிட்டிய அயல்
சட்டத்துக்கு வெளியே இருக்கலாம்.
எங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக
அதைத் தனி என்று பதியக்கூடாது.
அப்படி நாற்பத்தொன்று.
கணக்கிலிருந்து எடுத்தேன்.
"எடுத்ததுகள என்ன செய்வியள்?"
வேறு கோப்பில் வைத்திருக்கிறேன், பெயரில்லை, இலக்கம் மட்டும்.

சிலதின் அயல் லாச்சிப் பாதியில் இருக்கும்.
தேய்த்தால் காணலாம், எல்லாம் இல்லை:
இரு பாதிக்கும் நடுவில்
வாள் தின்றது ஒன்றரை மில்லிமீற்றர்.
அதற்குள் எத்தனை நின்றன என்று
எந்தச் சூத்திரத்தாலும் ஊகம்தான் சொல்லலாம்.

வியாழன் அடுத்த வார்ப்பு,
ஊற்றுகிற வேகத்தைக் குறைத்துப் பார், என்றேன்.
தலையாட்டிக்கொண்டே குனிந்து
வாள்மேசைக்குக் கீழே கிடந்த ஈரத் துருவலை
ஒரு பொட்டும் விடாமல் சாக்கில் அள்ளினான்.
"உருக்கலாம்" என்றான்.