இன்னர்பெல்ட்டுக்கு இந்தப் பக்கம்

பிட்ஸ்பர்க் நம்மைவிட அதிகம் என்றார் ஹ்ரூஸ்கா,
பனி ஒட்டிய கோட்டைக் கழற்றாமலே.
எவ்வளவு அதிகம் என்று கேட்டேன்.
அதைச் சொல்லத்தானே உனக்குச் சம்பளம்.

ஆக, பிப்ரவரி முழுக்க
க்ளீவ்லாண்டின் ஒன்பதாவது மாடியில்
நகரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நகரத்தை அல்ல, அதன் நடுவை.
நடுவையும் அல்ல,
காலை ஒன்பதுக்கு அந்த நடுவில்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர்களை.

சிகாகோவைத் தொடவில்லை.
யானையை ஏற்றினால் தராசுதான் போகும்.
பிட்ஸ்பர்க்குக்கு இரண்டு ஆறுகளே கோடு கிழித்துக் கொடுத்துவிட்டன,
கொடுத்துவைத்த ஊர்.
ஹூஸ்டன் தன் நடுவைத் துண்டு போட்டு
நெடுஞ்சாலை நெடுக எறிந்திருக்கிறது,
எந்தத் துண்டில் உயிர் இருக்கிறதென்று
யாரைக் கேட்பது?
சின்சினாட்டியில் மேட்டின் அடிவாரத்தோடு நிற்பதா,
மூச்சு வாங்க மேலேறி
பல்கலைக்கழகத்தையும் பிடித்துக்கொள்வதா?
பால்டிமோர்க்காரர் தொலைபேசியில் சிரித்தார்:
துறைமுகத்தில் ஒரு முளை அடி,
கயிற்றைக் கட்டிச் சுற்றி வா,
தண்ணீரில் நிற்பவர்களை மட்டும் விட்டுவிடு.

எங்களுக்கு வடக்கே ஏரி. மேற்கே ஆறு.
மற்ற இரு பக்கமும்
இன்னர்பெல்ட், பள்ளத்தில் ஓடும் சாலை.
அதற்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை,
மூன்று ஷிப்ட், அடுக்கடுக்காய் வாகன நிறுத்தம்.

ஹ்ரூஸ்கா பென்சிலை எடுத்தார்.
பள்ளத்தைத் தாண்டி ஒரு வளைவு,
ஒரு ரொட்டிக்கடையைச் சுற்றி ஒரு நெளிவு,
திரும்பவும் இந்தப் பக்கம்.
புதிதாக ஒருவரும் வேலைக்குச் சேரவில்லை,
ஒருவரும் கூடுதலாகப் பேருந்து ஏறவில்லை,
மதியச் சாப்பாட்டுக்கு முன்
பிட்ஸ்பர்க்கைத் தாண்டிவிட்டோம்.

இரவு எட்டரைக்கு இவெலீஸ் பகான் வந்தார்,
தூசி உறிஞ்சியை நாய்க்குட்டிபோல இழுத்துக்கொண்டு.
என் குப்பைக்கூடையைக் கவிழ்த்தவர்
மேஜைமேல் கிடந்த வரைபடத்தைப் பார்த்தார்.
புள்ளியெல்லாம் ஆட்களா?
ஆட்கள்தான்.
இதில் நான் எங்கே?

தேடினேன்.
அவருடைய நிறுவனத்தின் முகவரி
இண்டிபெண்டன்ஸில் இருந்தது.
கிண்டல் இல்லை, புறநகரின் பெயரே அதுதான்.
இருபத்து மூன்று மாடிகளைத் துடைக்கிற அத்தனை பேரும்
அங்கே ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில்
ஒரே அறையில்
ஒருவர்மேல் ஒருவராக வேலை செய்துகொண்டிருந்தார்கள்,
கணக்கில்.

நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே என்றார் இவெலீஸ்.
சம்பளச் சீட்டு அங்கிருந்து வரும், அவ்வளவுதான்.

பதினான்காம் மாடியைப் பற்றியும் கேட்டார்.
அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனம்.
வாரக்கணக்கில் துடைக்க எதுவும் இல்லையாம்,
நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லையாம்.
அந்த முந்நூறு பேரும் லேக்வுட்டில் தங்கள் சமையலறைகளில்,
மேலே சட்டை, கீழே பைஜாமா.
என் வரைபடத்தில் அவர்கள்
இந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

சரி, ஜெயித்தோமா?
ஜெயித்துவிட்டோம் என்றேன்.
நல்லது, காலைத் தூக்கு என்று
மேஜைக்கு அடியில் உறிஞ்சியை விட்டார்.

அடிக்குறிப்பு ஒன்று எழுதினேன்.
நீளம் என்று ஹ்ரூஸ்கா அடித்துவிட்டார்.
சின்ன எழுத்தில் திரும்ப எழுதினேன்.
அதையும் கண்டுபிடித்தார்.

பத்து நாற்பது பேருந்துக்கு
நானும் இவெலீஸும் நின்றோம்.
ஏரியிலிருந்து வந்த காற்று
கேட்டுக்கொண்டு நுழையவில்லை.
பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன்.
குளிரில் எண்ணுவது சுலபம்,
ஆளுக்கு ஒரு புகை.
பதினொன்று என்றேன்.
கழுத்துத்துணிக்குள்ளிருந்து அவர் திருத்தினார்:
பன்னிரண்டு. உன்னை யார் எண்ணுவது?

பேருந்து வந்தது.
ஓட்டுநரைச் சேர்ப்பதா என்று யோசித்தபடியே
ஏறினேன்.