வெறும் ஆறு

பிர்னோவில் பிப்ரவரி.
ஸ்வ்ராட்கா ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.
மூன்றாம் மாடியில் யிட்கா
பழைய பாணிக்கோப்பு ஒன்றைத் திறக்கிறாள்.

பொத்தானின் உள்விளிம்பு: 6

அவ்வளவுதான். வெறும் ஆறு.
பிக்சலா, புள்ளியா, விழுக்காடா,
எழுத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கா
சொல்லவில்லை.
தமிழில் எழுதும் எனக்கு
நதி என்றும் வழி என்றும்
சூடு தணி என்றும்கூடக் கேட்கிறது.
அவளுக்கு அந்தச் சௌகரியமும் கிடையாது.
பதினேழு வருடமாக இந்த வீட்டுக்குள்
ஆறு என்றால் ஆறுதான்.
வெளியாள் யாரும் வந்து கேட்டதில்லை.

வெளியே இணையம்
தன்பாட்டுக்கு வளர்ந்து சட்டம் எழுதிக்கொண்டது:
அலகில்லாத எண் செல்லாது.
செல்லாத வரியை அது திட்டாது, திருத்தாது.
பந்தியில் ஓர் இலையை மட்டும்
தாண்டிப்போகும் சாம்பார் வாளிபோல்
பேசாமல் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும்.

விலக்கு ஒன்றே ஒன்று, பூஜ்ஜியம்.
இல்லாததை எந்தக் கோலால் அளந்தால் என்ன.

வீட்டுப் பேச்சை ஊர்ப் பேச்சாக்குவது
இந்த மாதம் அவள் வேலை.
சிறுகோட்டில் தொடங்கும் சொந்தச் சொற்கள்
நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டுக்கு ஊரில் ஈடு கிடைத்தது.
இரண்டை யாரும் தொட்டதே இல்லை.
மிச்சம் ஒன்று. அதன் தலைமேல்
ஸ்பினியெக் எழுதிவைத்த குறிப்பு:
"தற்காலிகம். சாப்பிட்டு வந்து சரிசெய்கிறேன்."
பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதி.

ஒலொமோட்ஸில் இப்போது லிஃப்டுகளுக்கு
நிரல் எழுதுகிறான் அவன். தொலைபேசியில் கேட்டாள்.
"சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.
பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு.
அந்தச் சொல் எதற்கென்றுதான்
ஞாபகம் இல்லை."

அழித்தாள்.

ஆயிரத்து இருநூறு படங்கள்,
பழையதன்மேல் புதியதை வைத்துப் பார்க்கும் சோதனை.
ஒன்றில் மட்டும் சிவப்பு:
பட்டியலின் கீழ்மூலையில் ஒரு பிக்சல்.
பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்,
ஓடு பதித்த தரைபோல் ஆகும்வரை.
பழசு அழகாய் இருந்தது.
புதுசு சட்டப்படி இருந்தது.
காபி ஆறிவிட்டது.
புதுசையே சரி என்று குறித்துவிட்டு
ஆறாம் எண் டிராமைத் தவறவிட்டாள்.

மார்ச் கடைசியில் பெலோத்தாஸிலிருந்து
ஜுரான்திர் என்பவரின் கடிதம்:
"வலது கண்ணில் எனக்குப் பார்வை பாதி.
பெரிய பொத்தான்களாக, தடித்த கோடுகளாக
நானே அளந்து அமைத்திருந்தேன்.
நேற்றுப் புதுப்பித்தேன்.
எல்லாம் அரிசிமணிபோல் சுருங்கிக் கிடக்கின்றன.
நான் என்ன தப்பு செய்தேன்?"

"ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும்
அலகு குறிப்பிடவும்" என்று பதில் அடித்தாள்.
படித்துப் பார்த்தாள்.
தாலுகா அலுவலகச் சுவரொட்டிபோல் இருந்தது.
அனுப்பவில்லை.
அவருடைய கோப்பைக் கேட்டு வாங்கினாள்.

நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
தானாக மாற்றும் நிரலை எழுதியிருக்கலாம்,
அவளுக்கு அது பத்து நிமிஷம்.
ஏனோ ஒவ்வொன்றாகக் கையால் போட்டாள்.
இருநூறுக்குமேல் எண்களே தெரியவில்லை,
எண்களுக்குப் பின்னால் இருந்த
இடைவெளிகள் மட்டும் தெரிந்தன.

இரண்டு நாள் கழித்து வந்தது அவர் பதில்:

"இப்போது எல்லாம் தெரிகிறது, நன்றி.
பூஜ்ஜியங்களுக்கும் அலகு போட்டிருக்கிறீர்கள்.
அவற்றுக்குத் தேவையில்லையாமே.
எடுக்கவில்லை. இருக்கட்டும்."