அடிவயிற்றுக்கு ஒரு தகடு

பர்கூர் மலையிலிருந்து இறங்கும்போது
தார் தொடங்க இன்னும் நாலு வளைவு இருக்கையில்
ஒரு கல்
என் வண்டியின் ஆயில் சம்பைத் திறந்து பார்த்தது.
பின்னால் பன்னிரண்டு மூட்டை ராகி.
ஓரத்தில் யானைச் சாணம், ஆவி அடங்காமல்.
கறுப்பு எண்ணெய் எனக்கு முன்னால்
ஊருக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனித் தகட்டுக்கு விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

அந்தியூர்ச் சந்தைக்குப் பின்னால்
பழைய இரும்புக் கடையில்
செத்துப்போன ரிக் லாரியின் தண்ணீர் டேங்க் கிடந்தது.
அஞ்சு எம்.எம். கனம்.
எத்தனை காட்டில் ஆயிரம் அடி இறங்கியும்
புழுதி மட்டும் வந்ததைப் பார்த்திருக்கும்.
வேண்டிய துண்டு இருபத்தேழு கிலோ.
கிலோ அறுபத்திரண்டு.

எனக்கு அளவெடுக்க வரவில்லை.
கோகிலவாணி பனியன் கம்பெனியில்
பதினோரு வருஷம் கட்டிங் டேபிளில் நின்றவள்.
"அக்கட்டால நகருங்க" என்றாள்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டிக்கடியில் மல்லாந்து வெட்டினாள்,
மாசமானவளுக்கு ஜாக்கெட் தைப்பதுபோல.
சேஸிஸ் ஓரம் ஒரு விரற்கடை கூடுதல், தையலுக்கு.
முன்பக்கத்தை மேலே மடித்தாள்:
"கல்லு வந்தா வழுக்கிட்டுப் போகோணும்,
முட்டி நிக்கக் கூடாது."

ராக்கியண்ணன் பட்டறையில் கேஸ் வைத்து வெட்டினோம்.
மடிக்க மிஷின் இல்லை.
கோட்டில் கிரைண்டரால் பாதி ஆழம் கீறி,
நெம்பி வளைத்து, கீறலை வெல்டிங்கில் நிரப்பினோம்.
முதல் ராடு ஒட்டிக்கொண்டது.
இரண்டாவது ஓட்டை போட்டது.
மூன்றாவது மணி கோத்ததுபோல வந்தது,
அதுவும் ஒரு சாண் தூரம்.
மீதி எல்லாம் என் கை. பார்த்தாலே தெரியும்.

ஓரம் ராவ ராவ பொடக்காலியெல்லாம் பொறி.
கோழிகள் ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.
பழைய பச்சைப் பெயிண்டில்
ஏதோ போர்வெல்காரர் பேரில் பாதி இருந்தது:
'…வேல் துணை'.
அதை மட்டும் விட்டுவிடலாமா என்று
எமரித்தாளோடு சித்தநேரம் உட்கார்ந்திருந்தேன்.
துரு பேருக்கு அடியில்தான் இருந்தது.
சுரண்டினேன்.

தின்னரில் துடைத்து ரெட் ஆக்சைடு ரெண்டு கை.
காய்ந்ததும் கறுப்பு ரெண்டு கை.
வேலியோரம் சாய்த்து வைத்ததில்
எறும்பு ஒன்று ஓடி ஒட்டிக்கொண்டது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
எதிர்வீட்டு நாச்சிமுத்து கேட்டார்:
"தரையைப் பாக்கப் போற தகட்டுக்கு இத்தனை மினுக்கா?"
எனக்குப் பதில் வரவில்லை.
கோகிலவாணிதான் சொன்னாள்:
"உள்பாவாடைக்கும் ஓரம் அடிப்போமுங்க."

ஜாக்கி ஏற்றி, முட்டுக்கட்டை கொடுத்து,
இருபத்தேழு கிலோவை நெஞ்சில் தாங்கிக்கொண்டு
மாட்டினேன்.
மூன்று போல்ட் உட்கார்ந்தது.
நாலாவது அரை நூல் தள்ளி.
ஓட்டையை ராவி, வாஷர் போட்டு, முடுக்கி,
எழுந்து கை துடைக்கும்போது கேட்டாள்:
"எண்ணெய் எறக்கற திருகுக்கு
காஜா எங்கீங்க?"

மறுபடி மல்லாந்தேன்.
மறுபடி நாலு போல்ட்.
மினுக்கின் நட்டநடுவில் ட்ரில் இறங்கியபோது
நான் பேசியதை
எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை மலை ஏறினேன்.
அதே வளைவு. அதே கல், நகராமல்.
காலி அண்டாவைப் பாறையில் இழுத்த சத்தம்.
நிறுத்திக் குனிந்து டார்ச் அடித்தேன்.
கறுப்பு போய், சிவப்பும் போய்,
வெள்ளை இரும்பு ஒரு முழ நீளத்துக்கு,
அவள் துணியில் சாக்கட்டி இழுத்த மாதிரி நேராக.
எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

வீட்டில் அரை டப்பா கறுப்பு மீதி இருக்கிறது.
பிரஷ்ஷைத் தின்னரில் போட்டுவைக்கச் சொல்லலாமென்று
ஃபோனை எடுத்தேன்.
இங்கே ஏது டவர்.
மேலே மழை கட்டிக்கொண்டிருந்தது.
ரெண்டாவது கியரைப் போட்டேன்.