பிணைச்சல் பக்கம்

திறப்பு டோஹாவில் இருக்கிறது.
மேசை லாச்சித் திறப்புக்கும்
களவுபோன சைக்கிளின் திறப்புக்கும் நடுவில்,
ஒரே வளையத்தில்,
எங்கள் அறையின் ஒரே யன்னல்.

நேசரூபன் படம் எடுத்து அனுப்பினான்,
உள்ளங்கையில் மீன்குஞ்சை ஏந்திக் காட்டுவதுபோல.
"இதுதானே?"
இதுதான்.
பெரிதாக்கிப் பார்த்தேன், பல்லுப் பல்லாய்த் தெரிந்தது.
"ஆடியிலே ஆரும் வந்தால் குடுத்துவிடுறன்."

இப்போது சித்திரை.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்
மின்விசிறி அதே சூட்டை
ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு
எண்ணி எண்ணி மாற்றிக்கொண்டிருக்கிறது.
பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

போகிற அன்று மழை இருட்டியது,
சாரல் அடிக்குமென்று அவன்தான் பூட்டினான்.
அக்கறையாய்ப் பூட்டினான்.
கீழே வேன் ஹோர்ன் அடித்தது.
அவன் காற்சட்டைப் பையில் ஏறித்
திறப்பும் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டது.

தெஹிவளையில் வீட்டுக்காரரைக் கேட்டேன்.
"இரண்டாம் திறப்பா? முதலாவதையே நான் கண்டதில்லை."
பிறகு, வைக்கும் முன்,
"யன்னல் உடைந்தால் முற்பணத்தில் கழிப்பேன்."

தேங்காயெண்ணெய் விட்டேன்.
தையல் மெசின் எண்ணெய் விட்டேன்.
கீழ்வீட்டு ஃபஸ்மினா தன் வீட்டுத் திறப்புகள் எல்லாவற்றையும்
ஜாம் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தாள்,
இருபத்தேழு.
பத்தொன்பதாவது பாதி திரும்பியது.
இருவரும் மூச்சை அடக்கினோம்.
மற்றப் பாதி திரும்பவில்லை.

பிறகு கொண்டையூசி.
படங்களில் கள்வருக்கு ஒரு நொடி போதும்.
என்னுடையது முறிந்தது,
பாதி பூட்டுக்குள், பாதி என் விரலில்.
இதை அவனுக்குச் சொல்லவில்லை.

புறக்கோட்டைப் பூட்டுக்காரர் ஃபோனிலேயே
நாலாயிரத்து ஐந்நூறு என்றார்.
"மூணு மாடி ஏறணுமே, தங்கச்சி."

அன்றிரவு கரண்ட் போனது.
கையிலிருந்த டோர்ச் தவறுதலாய்
யன்னலின் மற்றக் கரையில் விழுந்தது.
பூட்டு இல்லாத கரை.
மூன்று பிணைச்சல்கள்
பெயின்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு.
பத்து நாளாய் நான்
அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மரக்கறிக் கத்தியால் சுரண்டினேன்.
வெள்ளை. அதன் கீழே சாம்பல்.
அதற்கும் கீழே எங்களுக்கு முன் இருந்தவர்களின் பச்சை,
அவர்களுக்கும் முன் யாரோ ஒருவரின்
முழு நீலம்.
பிறகுதான் ஆணித்தலை.

திருப்புளி ஃபஸ்மினாவினது.
"இடப்பக்கம், இடப்பக்கம்" என்று
டோர்ச்சைப் பிடித்தபடி ஓதிக்கொண்டிருந்தாள்.
நோன்புக்கு எழும்புகிற நேரமெல்லாம்
இந்தச் சுவருக்கு மேலே
நான் நடக்கிறது கேட்குமாம்.
இன்றைக்குத்தான் சொன்னாள்.
ஒன்பது ஆணி. எட்டு வந்தது.
ஒன்பதாவதைக் கொஞ்சம் மரத்தோடு பிடுங்கினோம்.

யன்னல் எங்கள் மேல் சாய்ந்தது,
கலியாண வீட்டில் மயங்கிய மாமியின் பாரத்தோடு.
கட்டிலில் கிடத்தினோம்.
பூட்டு இன்னும் பூட்டியே இருந்தது,
நாக்கை நீட்டிக்கொண்டு,
எதையோ கவ்விப் பிடித்திருக்கிற எண்ணத்தில்.

கம்பிகளுக்கு அப்பால்
இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே ஒரு முழம் கடல்.
கண்ணுக்கு வெறும் இருட்டு,
சத்தத்தை வைத்துத்தான் கடல் என்றோம்.
கடைசி ரயில் அறைக்குள்ளால் போனது.
கலண்டர் தாள்கள் படபடத்து
ஆடியைத் தாண்டிப் பறந்தன.
பிள்ளை நித்திரையிலேயே
காற்றுக்குக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

யன்னல் கட்டிலில்.
நாங்கள் நிலத்தில் படுத்தோம்.

விடிய அழைத்தான்.
"பூட்டுத் திறந்ததோ?"
"இல்லை" என்றேன். பொய்யில்லை.
"பயப்பிடாதை. திறப்பைப் பத்திரமா வைச்சிருக்கிறன்."
"வைச்சிரு" என்றேன்.
கம்பிக்குள்ளால் தலையை விட்ட காகமொன்று
பூட்டின் நாக்கைக்
கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.