மூன்று தும்மல்

நவம்பர் கடைசியில் எங்கள் ஊரை விட்டுப் போகிற சூரியன்
ஜனவரி இருபத்தொன்றில்தான் திரும்பும்.
திரும்பினாலும் என்ன,
மலை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு
கடன்காரனைக் கண்டவன்போல் மறைந்துவிடும்.
அதற்கே திரோம்சோவில்
பள்ளிப் பிள்ளைகளை வெளியே அவிழ்த்து விடுவார்கள்.
பேக்கரி வாசலில் வரிசை நிற்கும்,
ஜாம் அடைத்த உருண்டை ரொட்டிக்கு.

இசெலினுக்கு அப்போது நான்கு வயது.
நகராட்சிக்காரி ஒருத்தி
ஒரு பையோடும் ஒரு கோப்போடும்
என்னிடம் விட்டுப்போய் மூன்று வருடம்.
நான் ஓட்டும் பனி அள்ளும் வண்டியில், முன்கண்ணாடி வழியே
வெளிச்சம் முகத்தில் பட்டதும்
தும்மினாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
சளி என்று மார்பில் தைலம் தேய்த்தேன்.
மறு வருடம் அதே நாள், அதே மூன்று.

டாக்டர் சிரித்தார்.
"வெளிச்சத் தும்மல். கூடப் பிறந்தது.
பெற்றவர்களில் ஒருவருக்கு இருக்கும்."
கோப்பில் அது இல்லை.
கோப்பில் இருந்தவை:
அம்மா பெயருக்கு நேரே ஒரு சிறு சிலுவைக் குறி,
அப்பா பெயர் தோர்லைஃப்,
ஹாமர்ஃபெஸ்டில் மீன் தொழிற்சாலை,
குடி, ஒரு கைது.

அன்று தொடங்கியது என் கள்ளக் கணக்கு.
கேட்காமலே பாத்திரம் கழுவினால் என் வளர்ப்பு.
கதவை அறைந்து சாத்தினால் அவன் ரத்தம்.
பின்னக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாளா,
பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நானல்லவா.
பதிமூன்றில் என் பர்ஸிலிருந்து இருநூறு குரோனர் காணாமல் போனது.
ஜாதகம் பார்ப்பவள்போல
மறுபடி அந்தக் கோப்பை விரித்தேன்.
அதே வயதில் நானும்
அத்தையின் பர்ஸில் கை வைத்தவள்தான்.
அது மட்டும் கணக்கில் ஏறவே இல்லை.

பதினைந்தில் கேட்டாள், "அவரைப் பார்க்கணும்."
எழுதினோம்.
சூரியன் வரும் நாளிலேயே வந்தான்,
ஒன்பது மணி நேரம் பேருந்தில்,
அவசரமாய் மழித்த கன்னத்தில் ஒரு வெட்டோடு.
துறைமுகத்துக் காப்பிக் கடையில்
மூன்று பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்து, கிழித்ததை இன்னும் கிழித்தான்.
அகலமான, குட்டையான நகங்கள்.
பதினான்கு வருடமாய் நான் வெட்டிவிட்ட நகங்கள்.

வந்துவிட்டது என்று வெளியே யாரோ கத்தினார்கள்.
ஓடினோம்.
மலை விளிம்பில் ஒரு நெருப்புக் கீற்று.
இருவரும் ஒரே நொடியில் மூக்கைச் சுருக்கினார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
கூட்டமே திரும்பிப் பார்த்தது.
அவனுடையது கதவு உடைகிற சத்தம்,
ஊருக்கே தும்மிவிட்டுப் புறங்கையால் துடைத்தான்.
அவள் முழங்கை மடிப்பில் முகம் புதைத்தாள்.
பிறகு கோட்டுப் பையிலிருந்து
நான்காய் மடித்த கைக்குட்டையை எடுத்து
அவனிடம் நீட்டினாள்.
அது என் மடிப்பு.
பிரித்தால் பழுதாகிவிடும் என்பதுபோல
பிரிக்காமலே வைத்துக்கொண்டு நின்றான்.

சந்தோஷப்பட்டேன் என்றால் பாதிப் பொய்.
"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி," என்றான்.
அவள் சிரித்தாள்,
என் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத சிரிப்பு.
அதை யார் பேரில் எழுதுவது?

திரும்பும்போது மூன்று மணிக்கே இருட்டு.
"எனக்குன்னு ஏதாவது இருக்கா, குன்வோர்?
தும்மல் அவரோடது, கைக்குட்டை உன்னோடது.
நடுவுல நான் என்ன, சாமான் வைக்கிற பையா?"
வாயைத் திறந்தேன்.
துடைப்பான் கண்ணாடியில் நாலைந்து முறை போய் வந்தது.
அவ்வளவுதான் என் பதில்.

கடையில் அவன் ரொட்டியை இரண்டே கடியில் முடித்திருந்தான்.
நான் விள்ளல் விள்ளலாய்த் தின்கிறவள்.
இவள் இப்போது உருண்டையில் விரலால் ஓட்டை போட்டு
ஜாமை முழுக்க உறிஞ்சிவிட்டு
வெற்று ரொட்டியை ஹீட்டர் காற்றுக்கு நேரே
டாஷ்போர்டில் வைத்தாள்.
காய்ந்தால்தான் நன்றாயிருக்குமாம்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல," என்றாள்,
வாய் நிறைய ஜாமோடு.