புதன்

கல்லூரிக்கு அறுபது மணி நேரம் வேண்டும்.
சமூக சேவை என்று தலைப்பிட்ட மஞ்சள் தாளில்
இருபது கட்டங்கள்,
கட்டத்துக்கு மூன்று மணி, ஒரு கையெழுத்து.
புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.
அன்றைக்குப் புள்ளியியல் வகுப்பு இல்லை,
அவ்வளவுதான் காரணம்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
டயர் கடைக்கு மாடியில் அந்தப் பட்டறை.
பதினோரு பேர். இளையவருக்கு முப்பத்திரண்டு வயது.
பழைய கன்னடப் பேப்பரை மடித்து
மருந்துக் கடைகளுக்குக் கவர் ஒட்டுகிறார்கள்.
தேர்தலும் லாரி விபத்தும் மணமகள் தேவையும்
ஒரே அளவில் மடிந்து
மாத்திரைக்குக் காத்திருக்கின்றன.

என்னை மரியதாஸ் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.
நாற்பத்தேழு. காதோரம் நரை.
சட்டைப் பையில் சீப்பு.
பதினேழாவதோ பதினெட்டாவதோ கவரை அவர் ஒட்டியபோது
கை தட்டினேன்,
பாலாடையில் மருந்து புகட்டுகிற குரலில்
வெரி குட் என்றேன்.
நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்.
அடுக்கைக் கலைத்து
ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.
"கை தட்டினா எண்ணிக்கை போய்டுது."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரமும்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எங்களுக்கு அங்கே பெயர் கிடையாது. கிழமைதான்.
திங்கள் நல்ல உயரமாம்.
வியாழனுக்கு எந்நேரமும் போன்.
சனிக்கிழமை வருகிற பையனை மரியதாஸ்
"வா, சனி" என்று வாய் நிறைய அழைப்பதை
ஆக்னஸ் நடித்துக் காட்டி,
லிப்ஸ்டிக் கலையச் சிரித்தாள்.
பாவம், அவனுக்குத் தமிழ் தெரியாது.
அது நல்லதாய்ப் போயிற்று.
என் பெயர் யாழரசி என்று மூன்று வாரம் சொன்னேன்.
மூன்று வாரமும் பொறுமையாகக் கேட்டார்.
"சரி, புதன்."

பசை பாட்டிலின் நீல மூடி அவர் பொறுப்பு.
மூன்றே முக்காலுக்கு உள்ளங்கை நீளும்.
ஷைலஜா மேடமே ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான்
படியிறங்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை இம்தியாஸ்
சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தார்.
ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.
எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.
ஆக்னஸ் தன் துப்பட்டாவை மடித்து
அவர் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்தாள்.
நான் மாடிப்படியில் நின்றேன்,
நாற்பது நிமிடம்,
கீழே ஒருவன் டயருக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டு.
அன்றைக்கும் கட்டத்தில்
மூன்று மணி என்றே எழுதினேன்.

இருபதாவது கட்டம். கேக். குரூப் போட்டோ.
போட்டோவில் நடுவில் நான்.
அடிக்கடி வருவேன் என்றேன்.
எல்லாக் கிழமைகளும் சொல்லிவிட்டுப் போன வாக்கியம்.
அன்றைக்குப் பார்த்து மூடியை
யாரும் கேட்கவில்லை. கேக் வந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து காக்ஸ் டவுன் மார்க்கெட்டில்
கண்ணில் பட்டார்.
இஸ்திரி போட்ட சட்டை, கையில் காலிஃப்ளவர்.
அவர் தங்கை கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
"என்னைத் தெரியுதா?"
யோசித்தார்.
"இன்னிக்கு ஞாயிறு. லீவு."
சரிதான், போகலாம் என்று திரும்பினேன்.
உள்ளங்கை நீண்டது.

என் பையின் ஓரத்து ஜிப்புக்குள்,
ஹேர்பின்னோடும் பழைய பஸ் டிக்கெட்டோடும்
அது அங்கேதான் கிடந்தது.
தூக்கியும் எறியவில்லை,
நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.
கொடுத்தேன்.
காய்ந்த பசையை நகத்தால் சுரண்டினார்,
ஊதினார்,
சீப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்போ புதன் யாரு?"
"வேற புதன்."
கொஞ்ச நேரம் கழித்து,
யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல,
"பசை ஜாஸ்தி வைக்குது."

தங்கை கூப்பிட்டாள்.
காலிஃப்ளவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
ஓரமாக நடந்து போனார்.