பொறி வருதா

நாலு வருஷமாய் நானும் இர்மாவும் பேசுவதில்லை.
ஆனால் இதை ஒற்றை ஆளால் செய்ய முடியாது:
ஸ்டார்ட்டரை இழுக்க ஒருத்தி,
பொறியைப் பார்க்க ஒருத்தி.

பைசாந்து. ஜூலை. ஆற்றிலிருந்து ஏறிவரும் குளிர்
கொட்டகைத் தகரத்தில் வேர்த்து வடிகிறது.
ஐம்பத்து நாலாம் வருஷத்து மோரிஸ்,
பதிவுப் புத்தகத்தில் இரண்டு பேர் பெயர்.
சனிக்கிழமை சால்ட்டோவிலிருந்து வாங்க ஆள் வருகிறான்.
வண்டியோ ஊருக்குள் சமர்த்தாய் ஓடும்;
நெடுஞ்சாலையில் சீராய் வேகம் பிடித்து
நாம் கொஞ்சம் நிம்மதியாகும் நேரம் பார்த்து
விக்கி, இருமி, செத்துவிடும்.
ஓரங்கட்டினால், ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

"இழு."
"வருதா?"
"வருது. நீலமா."
"போதும்."

பாட்டரியில் குறையில்லை.
முனையில் பூத்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.
இங்கிலாந்துக்காரன் புத்தி,
பாசிட்டிவை உடம்போடு கட்டியிருக்கிறான்;
அது தெரியாமல் யாரோ மாற்றிப் போட்டு
முன்பே ஒரு ரேடியோ போய்ச் சேர்ந்தது.
பாயிண்ட்டைத் தேய்த்தேன். தகடு விட்டு இடைவெளி பார்த்தேன்.
கண்டென்சர் புதுசு. காயில் புதுசு,
அதில் பாதிக் காசு இர்மாவுடையது;
ரசீதை வைப்பரில் செருகி வைத்தேன், எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், ஏதோ தோன்றி,
கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும்
மெல்லிய குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன்.
பெட்ரோல் கசப்பு. உள்ளே தட்டு
ஒரு நூல் திரும்பியது.
எஞ்சின் நின்றது.
விட்டேன். இழுத்தாள். ஓடியது.
உறிஞ்சினேன். நின்றது.
"மறுபடி," என்றாள்.

துணி சுற்றிய எர்த் வயர். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பத்துத் தடவை பார்த்த வயர்தான்.
வெளியே முழுசு.
நுனியைப் பிடித்து இழுத்தால் ரப்பராய் நீள்கிறது.
உள்ளே செம்பு எப்போதோ அறுந்து,
தட்டு அசையாதவரை
முனையும் முனையும் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன.

இர்மா கைவிளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தோம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் ஸ்பானரால் அடித்திருப்பேன்.

பழைய தொலைபேசிக் கம்பியின் மெல்லிழைகளைப் பின்னி,
ஈயம் உருக்கி ஒட்டினேன்.
சாலைக்கு எடுத்தபோது, கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்
மாத்தே குடுவையை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு.
எழுபது. சீராய் எழுபது.
வழக்கமாய் நிற்கும் யூகலிப்டஸ் வரிசை வந்தது,
போனது.

"விலையைக் கூட்டிச் சொல்லணும்," என்றாள் இர்மா.
நான் திரும்பவில்லை.
அடுத்த திருப்பமும் போனது.